டோக்கியோ இளைஞர்களின் உடைகளை வரையப் போகிறீர்களா? விசா முதல் வண்ணக் குழாய் வரை

டோக்கியோ போகிறவர்களுக்கான குறிப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. எங்கே வாங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே நின்று படம் எடுக்கலாம் என்று எல்லாம் கிடைக்கும். கையில் வரைபுத்தகத்தோடு போகிறவருக்கு வேண்டியது வேறு. உட்கார இடம், நல்ல வெளிச்சம், முன்பின் தெரியாதவரிடம் அனுமதி கேட்கும் முறை, எந்த வண்ணம் விமானத்தில் ஏறும், எது ஏறாது என்ற விவரம். இதையெல்லாம் துண்டு துண்டாகத் தேடிச் சேர்ப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அடுத்துப் போகிறவர்கள் அந்த அலைச்சல் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளைஞர் உடைகளுக்குப் பெயர்போன ஹராஜுக்கு வட்டாரத்தின் தகெஷிதா தெருவைப் பார்க்கலாம், வரைய முடியாது. நெரிசல் அப்படி. நாம் வரையத் தக்கவர்கள் பூங்காவிலும் பழைய உடைக் கடைத் தெருக்களிலும் கல்லூரி வாசல்களிலும் நிதானமாக இருக்கிறார்கள். பயணத் திட்டத்தை அவர்களை வைத்துப் போடுங்கள்.

1. மாதமும் கிழமையும்

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை மிகச் சிறந்த காலம். குளிர் லேசாகத் தொடங்கியிருக்கும். சட்டைமேல் சட்டை, அதன்மேல் கோட்டு, கழுத்தில் ரிப்பன், காலில் நீண்ட சாக்ஸ் என்று அடுக்கடுக்காக உடுத்துவது அப்போதுதான். வரைகிறவருக்கு அந்த அடுக்குகள்தான் விருந்து. ஜூனில் மழைக்காலம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தொடும், புழுக்கம் வேறு. கனமான அலங்காரத்தோடு வெளியே வருகிறவர்கள் அப்போது குறைவு. ஏப்ரல் நல்ல மாதம்தான், ஆனால் ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான தொடர் விடுமுறையைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் தங்குமிடக் கட்டணமும் கூட்டமும் எகிறிவிடும்.

குளிர் தாங்குவீர்கள் என்றால் ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமை ஒரு பொக்கிஷம். அன்று இருபது வயதை எட்டுகிறவர்களைக் கொண்டாடும் 'வயதுக்கு வந்தோர் நாள்'. இருபது வயதுப் பெண்கள் நீண்ட கை வைத்த ஃபுரிசோதே கிமோனோ அணிந்து, வெள்ளை ரோமக் கழுத்துப்பட்டையோடு தெருவெங்கும் நடப்பார்கள்.

உங்கள் பயணத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை இறங்கி, அடுத்த வாரம் தாண்டி வரும் திங்கட்கிழமை கிளம்பினால் பத்து இரவுகள், இரண்டு ஞாயிறுகள். ஒரு ஞாயிறு மழையில் போனாலும் இன்னொன்று கையில் இருக்கும். நவம்பரில் மாலை நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும், கடைகளோ காலை 11 மணிக்குத்தான் திறக்கும். ஆக உங்களுக்குக் கிடைக்கும் நல்ல வெளிச்சம் ஐந்து மணி நேரம்தான்.

2. விசா

மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்குக் குறுகிய சுற்றுலாவுக்கு விசா வேண்டாம். (மலேசியர்களின் பாஸ்போர்ட்டில் சிப் இருக்க வேண்டும்.) இந்தியர்களுக்கும் இலங்கையருக்கும் வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவர்களின் விண்ணப்பம் விசா மையம் வழியாகச் சென்னையிலுள்ள ஜப்பான் துணைத் தூதரகத்துக்குப் போகும்.

காகிதங்கள்:

- பாஸ்போர்ட்டும் கையெழுத்திட்ட விண்ணப்பப் படிவமும். கையெழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளதைப் போலவே இருக்கட்டும்.
- வெள்ளைப் பின்னணியில் அண்மையில் எடுத்த படம், 35க்கு 45 மில்லிமீட்டர்.
- நாள்வாரிப் பயணத் திட்டம்.
- விமான முன்பதிவு, தங்குமிட முன்பதிவு.
- ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், வங்கி முத்திரையோடு.
- வருமான வரிக் கணக்கு நகல்கள்.
- வேலையில் இருந்தால் விடுப்புக் கடிதம்.
- எதற்காகப் போகிறீர்கள் என்று சொல்லும் ஒரு பக்கக் கடிதம்.

ஓவியர்களுக்குச் சிக்கல் வருவது கடைசி மூன்றில்தான். மாதச் சம்பளம் இல்லை, வருமானம் ஒரு மாதம் வரும், அடுத்த மாதம் வராது. உங்கள் வருமானத்துக்கு என்ன ஆதாரம் இருக்கிறதோ அதை அப்படியே வையுங்கள். ஓவியம் விற்ற ரசீது, புத்தகத்துக்கு வரைந்த ஒப்பந்தம், வகுப்பு எடுப்பதற்கான கடிதம், எதுவானாலும் சரி. போதாது என்று பட்டால் அப்பாவோ அம்மாவோ துணைவரோ செலவை ஏற்பதாகக் கடிதம் தரலாம். அப்போது அவர்களுடைய வங்கி, வரி ஆவணங்களையும், உறவைக் காட்டும் சான்றையும் சேர்க்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் கணக்கில் திடீரென்று பெரிய தொகையைக் கொண்டுவந்து போடாதீர்கள். பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

நாள்வாரித் திட்டத்தில் ஒவ்வொரு தேதிக்கும் எதிரே தங்குமிடத்தின் பெயரும் முகவரியும் வேண்டும், அது முன்பதிவுத் தேதிகளோடு பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். "ஷாப்பிங்" என்று ஒரே வார்த்தையில் நிரப்பாமல், "ஹராஜுக்கு, ஓத்தா நினைவு அருங்காட்சியகம், யோயோகி பூங்காவில் வரைதல்" என்று உண்மையான திட்டத்தையே எழுதுங்கள். ஒன்று மட்டும் கவனம்: சுற்றுலா விசாவில் சம்பாதிக்க அனுமதி இல்லை. தெருவில் உட்கார்ந்து காசுக்கு உருவப்படம் வரைவது, சந்தையில் படம் விற்பது இரண்டும் கூடாது. கடிதத்தில் அப்படி ஒரு வாசகம் தவறியும் வந்துவிடக் கூடாது.

விசா வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் உள்ளே நுழைந்துவிட வேண்டும். அதனால் ரொம்ப முன்னதாகப் போடாதீர்கள், கடைசி நேரத்துக்கும் தள்ளாதீர்கள். பயணத்துக்கு ஒன்றரை மாதம் முன்னால் போடுவது பதற்றமில்லாத கணக்கு. கட்டணத்தை விண்ணப்பிக்கிற அன்று மையத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விசாக் கட்டணம் வேறு, மையத்தின் சேவைக் கட்டணம் வேறு.

2024 ஏப்ரல் முதல் இந்தியாவில் வசிப்பவர்களுக்குச் சுற்றுலா விசா மின்விசாவாகத்தான் வருகிறது. இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். விமான நிலையத்தில் அந்த விசா அறிவிப்பை இணையத்தோடு இணைந்த கைபேசியில் திறந்து காட்ட வேண்டும். அச்சுப் பிரதி, பி.டி.எஃப்., ஸ்கிரீன்ஷாட் எதுவும் செல்லாது. இடையில் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ விமானம் மாறினால் அங்கேயும் கேட்கக்கூடும். அங்கே இணையம் கிடைக்க வழி செய்துகொள்ளுங்கள். அறிவிப்பைத் திறக்கத் தேவையான விவரங்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

விசா கிடைத்த பிறகு 'விசிட் ஜப்பான் வெப்' தளத்தில் குடிவரவு, சுங்க விவரங்களை நிரப்பிக் க்யூ.ஆர். குறியீட்டை எடுத்துக்கொண்டால் இறங்கியவுடன் வேலை சுலபம்.

3. பணம்

100 யென் சுமார் 58 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். போகிற நாளின் மதிப்பைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

- விடுதியில் ஒரு படுக்கை, இரவுக்கு 4,000 யென் வீதம் பத்து இரவு: 40,000
- சாப்பாடு, நாளுக்கு 2,500 வீதம் பதினோரு நாள்: 27,500
- ரயில், நாளுக்கு 1,000 வீதம் பதினோரு நாள்: 11,000
- அருங்காட்சியகம், காபிக் கடை இருக்கைகள்: 10,000
- தாளும் வண்ணமும்: 12,000

மொத்தம் ஏறத்தாழ ஒரு லட்சம் யென், அதாவது 58,000 ரூபாய். விமானச் செலவு இதில் சேராது. சென்னையிலிருந்து ஓரிடத்தில் மாறிப் போகும் டிக்கெட் முன்கூட்டி எடுத்தால் போகவர 50,000 முதல் 70,000 ரூபாய்க்குள் பிடிக்கலாம். தனி அறை வேண்டுமென்றால் படுக்கைச் செலவை மூன்றால் பெருக்குங்கள்.

காபிக் கடைக்கு ஏன் தனியாக ஒதுக்கினேன் என்று தோன்றலாம். டோக்கியோவில் சும்மா உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். நடைபாதையில் உட்கார்வது அநாகரிகம். ஜன்னலோர இருக்கை என்பது உங்கள் வாடகை ஸ்டூடியோ. அதற்கு ஒரு காபியின் விலை கொடுக்கத்தான் வேண்டும்.

சின்னப் பழைய உடைக் கடைகளில் ரொக்கம் மட்டுமே வாங்குவதும் உண்டு. செவன் இலெவன் கடைகளில் உள்ள ஏ.டி.எம்.களில் வெளிநாட்டு அட்டை வேலை செய்யும். கிளம்பும் முன் வங்கியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

4. பெட்டியில் என்ன வைப்பது

டர்பன்டைன், ஒயிட் ஸ்பிரிட், ஓவியம் கலையாமலிருக்க அடிக்கும் ஃபிக்சேட்டிவ் ஸ்பிரே எதுவும் விமானத்தில் ஏறாது. எண்ணெய் வண்ணத்தை இந்தப் பயணத்துக்கு மறந்துவிடுங்கள், உலர நேரமும் இல்லை. நீர்வண்ணமும், அதைப்போலத் தண்ணீரில் கரைந்து ஆனால் அடர்த்தியாக மூடும் குவாஷும்தான் சரி. குழாய்களை விமான நிலையத்தில் ஒப்படைக்கும் பதிவுப் பெட்டியில் போட்டு, "ஓவியருக்கான நீர்வண்ணம், தீப்பற்றாது" என்று ஆங்கிலத்தில் எழுதிய சீட்டு ஒன்றை உள்ளே வைத்துவிடுங்கள்.

இளைஞர் உடைகளுக்குக் குவாஷ் இன்னும் பொருத்தம். அந்த உடைகளின் வண்ணம் தட்டையாக, அடர்த்தியாக, மூடிப் பூசியதுபோல் இருக்கும். நம் ஊர் கேமல் நீர்வண்ணப் பெட்டி அடிப்படைக்குப் போதும், மீதியை அங்கேயே வாங்கலாம்.

பென்சில் சீவும் கத்தியைக் கொண்டுபோகவே வேண்டாம். விமானத்தில் பதிவுப் பெட்டியில் போய்விடும், பிரச்சினை அதற்குப் பிறகுதான். ஜப்பானில் தக்க காரணம் இல்லாமல் கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு நடமாடுவது சட்டப்படி குற்றம். சின்னக் கத்திக்கும் போலீசாரிடம் விளக்கம் சொல்ல வேண்டி வரலாம். மெக்கானிக்கல் பென்சில் போதும்.

தண்ணீர் அடைத்த தூரிகைப் பேனா இரண்டு, அஞ்சலட்டை அளவில் கெட்டித் தாள் முப்பது நாற்பது, உள்ளங்கையில் அடங்கும் வண்ணப் பெட்டி, கிளிப் வைத்த பலகை, பழைய வேட்டித் துணி ஒரு துண்டு. பெரிய ஓவியத் தாங்கி (ஈசல்) வேண்டாம். நடைபாதையில் அதை நிறுத்தினால் வழியை மறிப்பதாகும். அழுக்குத் தண்ணீரை ஊற்ற மூடியுள்ள பாட்டில் ஒன்று கட்டாயம். பொதுக் கழிப்பறைத் தொட்டியில் தூரிகை கழுவாதீர்கள். தெருவில் குப்பைத் தொட்டியும் கண்ணில் படாது, எல்லாவற்றையும் அறைக்குக் கொண்டுவர வேண்டியதுதான்.

மருந்து விஷயத்தில் எச்சரிக்கை: சளி மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோகத் தடை. அட்டையைப் படித்துப் பார்த்து எடுத்து வையுங்கள்.

5. தங்குமிடமும் ரயிலும்

ஷின்ஜுக்குவை ஒட்டித் தங்குங்கள். ஹராஜுக்கு, ஷிபுயா, கோஎன்ஜி, ஷிமோகிதசாவா நான்குக்கும் அங்கிருந்து மாறாமல் ரயில் உண்டு. ஷின்ஜுக்குவில் விலை அதிகம் என்றால் ஒகுபோ, நகானோ பக்கம் பாருங்கள்.

ரயில் கட்டணத்துக்குப் பணம் ஏற்றிப் பயன்படுத்தும் சுய்க்கா அட்டை ஒன்று போதும். சுற்றுலாப் பயணிகளுக்கான 'வெல்கம் சுய்க்கா' 28 நாள் செல்லும். மிச்சப் பணம் திரும்பக் கிடைக்காது, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஜப்பான் முழுவதும் ஜே.ஆர். ரயில்களில் போக உதவும் 7 நாள் ஜே.ஆர். பாஸின் விலை 2023 அக்டோபரில் 50,000 யென்னாக உயர்ந்தது. டோக்கியோவுக்குள் மட்டும் சுற்றுகிறவருக்கு அது வீண். டோக்கியோ சப்வே டிக்கெட் மலிவுதான், ஆனால் யமனோதே ரயிலிலும் ஷிமோகிதசாவா போகும் ரயில்களிலும் செல்லாது. நம் வழி பெரும்பாலும் அவற்றில்தான்.

சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் சுவோ தடத்தின் ஆரஞ்சு நிற வேக ரயில் கோஎன்ஜியில் நிற்காது. மஞ்சள் பட்டை போட்ட சாதா ரயிலில் ஏறுங்கள். நிலையம் கண்ணெதிரே கடந்துபோவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை ஞாயிறுதோறும் பார்க்கலாம்.

6. எங்கே யார் இருப்பார்கள்

ஹராஜுக்கு. நிலையத்தின் தகெஷிதா வாசலுக்கு எதிரே தொடங்கி 350 மீட்டர் நீளம் தகெஷிதா தெரு. ஒருமுறை நடந்து பாருங்கள், காலை 11 மணிக்கு முன்னால் போனால் முகம் பார்த்து நடக்க முடியும். பிறகு தெருவை விட்டு வெளியே வந்து மெய்ஜி சாலைச் சந்திப்புக்குப் போங்கள். அங்கே 2024 ஏப்ரலில் திறந்த ஹராகாடோ கட்டடத்தின் மேல்மாடங்களில் செடிகளும் இருக்கைகளும் உண்டு. கீழே சந்திப்பைக் கடக்கும் கூட்டம் மேலிருந்து தெரியும். தொப்பி, குடை, பாவாடை விரிவு, கைப்பை எல்லாம் வடிவங்களாக மட்டும் தெரியும் கோணம் அது. முகம் தெரியாததால் யாருக்கும் சங்கடமும் இல்லை. எதிரே 1978 முதல் இருக்கும் லஃபோரே கட்டடம். அதன் உள்ளே கடைகளை மாடி மாடியாகப் பாருங்கள், படம் எடுக்கும் முன் கடைக்காரரைக் கேளுங்கள்.

லஃபோரேவின் பின்சந்தில் ஓத்தா நினைவு அருங்காட்சியகம், உக்கியோ-எ மரச்செதுக்கு அச்சோவியங்களுக்கானது. திங்கட்கிழமை விடுமுறை, கண்காட்சி மாறும் நாட்களிலும் மூடியிருக்கும். ஞாயிறு மதியம் தெருவைப் பார்ப்பதற்கு முன் இங்கே ஒரு மணி நேரம் செலவழியுங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். அந்த ஓவியர்கள் கிமோனோவின் பூவேலையை மடிப்புக்கு ஏற்ப வளைக்காமல், பல இடங்களில் தாளில் ஒட்டியதுபோல் தட்டையாகவே விட்டிருக்கிறார்கள். மடிப்பைக் கோடு மட்டும் சொல்கிறது. வடிவ நெரிசல் மிகுந்த இன்றைய உடைகளைக் குழம்பாமல் வரைய இதைவிட நல்ல வழியை நான் இன்னும் கண்டதில்லை.

யோயோகி பூங்கா. ஹராஜுக்கு நிலையத்திலிருந்து சில நிமிட நடை. ஞாயிறு மதியம், ராக்கபில்லி என்ற பழைய அமெரிக்க ராக் இசைக்கு ஆடுகிறவர்கள் தோல் மேற்சட்டையும் உயர்த்தி வாரிய முடியுமாக ஆடுவார்கள். அவர்களில் பலர் இளைஞர்கள் இல்லை, இளமையில் எடுத்த உடையை விடாதவர்கள். புல்வெளியில் நண்பர் கூட்டங்கள் விரிப்பு விரித்து மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும். வரைய மிக நல்ல இடம் இதுவே.

கோஎன்ஜி. என் மனதுக்கு மிக நெருக்கமான வட்டாரம். தெற்கு வாசலிலிருந்து கூரை போட்ட 'பால்' (Pal) என்ற பெயருள்ள கடைத்தெரு, அதன் தொடர்ச்சியாக 'லுக்' (Look) கடைத்தெரு, இருபுறச் சந்துகளிலும் பழைய உடைக் கடைகள். இசைக்குழுப் பிள்ளைகள், ஓவியம் படிப்பவர்கள், தாத்தா காலத்துக் கோட்டை வெட்டித் தைத்து அணிபவர்கள். கடைகள் மதியம்தான் திறக்கும். கூட்டம் குறைவு, அவசரம் இல்லை, கேட்டால் பேசுவார்கள். ஒரு நாள் மட்டும்தான் இருக்கிறது என்றால் தகெஷிதாவை விட்டுவிட்டு இங்கே வாருங்கள்.

ஷிமோகிதசாவா. ஷிபுயாவிலிருந்து இனொகாஷிரா தடத்தில் சில நிமிடங்கள். இதுவும் பழைய உடைகளுக்குப் பெயர்போனது, கோஎன்ஜியைவிட நாகரிகப் பூச்சு அதிகம். மங்கிய வண்ணங்கள், தொளதொளப்பான கால்சட்டைகள்.

ஷிபுயா. '109' என்ற கடைக் கட்டடத்தைச் சுற்றி க்யாரு பாணிப் பெண்கள்: நீண்ட நகம், வெளுத்த முடி, தடித்த இமை. வேகமான ஊர், நின்று வரைய முடியாது. பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் வரையுங்கள்.

ஷின்ஜுக்கு, புங்கா ஃபேஷன் கல்லூரிப் பக்கம். உடை வடிவமைப்பாளர் யோஜி யமமோதோ படித்த கல்லூரி இது. ஷின்ஜுக்கு நிலையத் தெற்கு வாசலிலிருந்து நடக்கும் தூரம். வார நாட்களில் காலையும் மாலையும் மாணவர்கள் தாங்களே தைத்ததை அணிந்து வருவார்கள். ஞாயிறன்று யாரும் இருக்க மாட்டார்கள், பக்கத்திலுள்ள உடை அருங்காட்சியகமும் அன்று விடுமுறை. நவம்பர் தொடக்கத்தில் கல்லூரி விழா நடக்கும். அந்தத் தேதியை ஒட்டிப் பயணம் அமைந்தால் பெரும் பேறு.

போகக் கூடாத இடம் ஒன்று உண்டு. ஷின்ஜுக்குவின் கபுகிசோ பகுதியில் சினிமாக் கட்டடத்தை ஒட்டி, கறுப்பும் இளஞ்சிவப்புமாக அழகாக உடுத்திய சிறுவர் சிறுமியர் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் பலர் வீட்டை விட்டு வந்த பதின்வயதினர். அவர்களைப் படமெடுக்கவோ வரையவோ நெருங்க வேண்டாம். அது நமக்கான காட்சிப்பொருள் அல்ல.

7. கேட்டுவிட்டு வரையுங்கள்

ஜப்பானில் ஒருவருடைய உருவத்தின்மீது அவருக்கு உரிமை உண்டு என்பதை எல்லோரும் தீவிரமாக எடுத்துக்கொள்வார்கள். புகைப்படத்துக்குக் கேட்பதைவிட ஓவியத்துக்குக் கேட்டால் சம்மதம் எளிதாகக் கிடைக்கிறது என்பது என் அனுபவம்.

"சுமிமாசென், எ ஓ காய்தேமோ ஈ தெசு கா?" இதைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள். "மன்னிக்கவும், உங்களை வரையலாமா?" இதோடு ஜப்பானிய மொழியில் அச்சடித்த அட்டை ஒன்று கொண்டுபோங்கள். அதில் நான்கு விஷயம் போதும்: நான் ஓவியர், ஐந்து நிமிடம் ஆகும், வேண்டாமென்றால் முகத்தை வரைய மாட்டேன், நீங்கள் சம்மதிக்காமல் இணையத்தில் போட மாட்டேன். மொழிபெயர்ப்புச் செயலியை மட்டும் நம்பாமல் ஜப்பானிய மொழி படிக்கும் யாரிடமாவது ஒருமுறை காட்டிச் சரிபாருங்கள். சென்னையில் ஜப்பானிய மொழி வகுப்புகளுக்குக் குறைவில்லை.

கைகளைக் குறுக்காகப் பெருக்கல் குறிபோல் வைத்தாலோ, முகத்துக்கு முன்னால் உள்ளங்கையை ஆட்டினாலோ மறுப்பு. சிரித்துக்கொண்டே செய்வார்கள், அதைத் தயக்கம் என்று நினைத்து மீண்டும் கேட்காதீர்கள். தலை குனிந்து நன்றி சொல்லி நகர்ந்துவிடுங்கள். பள்ளிச் சீருடையில் இருப்பவர்களை வரையவும் வேண்டாம், படமெடுக்கவும் வேண்டாம். நடந்துகொண்டிருப்பவரை மறிக்காதீர்கள், நிற்பவரை, உட்கார்ந்திருப்பவரைக் கேளுங்கள்.

யோயோகியில் ஒரு பெண் சம்மதித்தார். இளஞ்சிவப்புச் சட்டை, கழுத்தில் கறுப்பு ரிப்பன், கண்ணுக்குக் கீழே அழுதது போன்ற சிவப்பு மை. 'ஜிராய்' என்று சொல்லப்படும் பாணி. கையில் கண்ணாடி ஜன்னல் வைத்த பை, அதற்குள் ஒரே பாடகரின் முகம் போட்ட வட்டப் பேட்ஜுகள் வரிசை பிசகாமல் குத்தியிருந்தன. நான் பென்சிலை எடுத்ததும் அவர் முடியைச் சரிசெய்வார் என்று நினைத்தேன். பையைத்தான் முதலில் திருப்பினார், பேட்ஜுகள் என் பக்கம் தெரியும்படி. அதிலிருந்து யாரை வரைந்தாலும் "எதை முக்கியமாக வரையட்டும்?" என்று கேட்டுக்கொள்கிறேன். நாம் வியக்கும் இடம் வேறாகவும், அவர்கள் உழைத்த இடம் வேறாகவும் இருக்கும்.

வரைந்ததில் ஒரு பிரதி கொடுங்கள். செவன் இலெவன் கடைகளில் உள்ள நகல் இயந்திரத்தில் ஏ4 வண்ண நகல் 50 யென். பக்கத்திலேயே கடை இருக்கும், "ஐந்து நிமிடம்" என்று சொல்லிவிட்டுப் போய் எடுத்து வந்துவிடலாம்.

8. வரையும்போது

காலணியிலிருந்து தொடங்குங்கள். தடித்த அடிப்பாகம் வைத்த காலணி நிற்கும் தோரணையையே மாற்றிவிடும். முட்டி, இடுப்பு, தோள் எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். பிறகு முழு உருவத்தின் வெளிக்கோடு. கடைசியில் முகம், நேரம் இருந்தால்.

வண்ணத்தை அங்கேயே முழுக்கப் பூச முயலாதீர்கள். தாளின் ஓரத்தில் நான்கைந்து சதுரங்களாக வண்ணத்தைக் கலந்து பூசி, எது சட்டை, எது ரிப்பன் என்று தமிழில் எழுதிவிடுங்கள். வெயிலில் நின்று கலந்த வண்ணத்தை மட்டும் நம்புங்கள். கடை வாசல் விளக்குகளின் கீழே இளஞ்சிவப்பு ஊதாவாகத் தெரியும். தலைமுழுக்க நூறு கிளிப் குத்திய தெகோரா பாணியை வரையும்போது எல்லாக் கிளிப்பையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். மூன்றைத் துல்லியமாக வரைந்து, மீதியை வண்ணப் புள்ளிகளாக விடுங்கள்.

சரிகையும் விரிந்த பாவாடையுமாகப் பொம்மைபோல் உடுத்தும் லோலிட்டா பாணி உடைத் துணிகளில் அச்சான படங்கள் அந்தந்த நிறுவன ஓவியர்களின் சொந்தப் படைப்பு. பயிற்சிக்கு வரைவது வேறு. ஊருக்கு வந்து அச்சிட்டு விற்பதாக இருந்தால் அந்த வடிவத்தை அப்படியே எடுக்காதீர்கள்.

9. வாங்குவது

ஷின்ஜுக்கு சான்சோமே நிலையத்துக்கு அருகில் செக்காய்தோ, பல மாடி ஓவியப் பொருள் கடை. ஹோல்பைன் நிறுவனத்தின் குவாஷை இங்கே தனித்தனிக் குழாயாக வாங்கலாம். ஹோல்பைனின் 'ஓபரா' என்ற கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு இல்லாமல் ஹராஜுக்குவின் பாதி வண்ணங்கள் கிடைக்காது. ஆனால் வெளிச்சம் பட்டால் அது மங்கிவிடும். அதில் வரைந்ததைச் சுவரில் மாட்டும் எண்ணம் இருந்தால் வெயில் படாத சுவராகப் பாருங்கள், முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள். நிறப்பொடிகளில் ஆர்வம் இருந்தால் தென்னொசு ஐலில் உள்ள 'பிக்மென்ட் டோக்கியோ' கடையைப் பார்க்காமல் வராதீர்கள். சுவர் முழுக்கக் கண்ணாடிக் குடுவைகளில் 4,500 வண்ணப் பொடிகள்.

உடை வாங்கினால் செகண்ட் ஸ்ட்ரீட், ராக்டாக் போன்ற பழைய உடைக் கடைகளில் தேடுங்கள். புது லோலிட்டா கவுன் 30,000 யென்னுக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. அதே நிறுவனத்தின் பழையது 'குளோசெட் சைல்ட்' கடையில் பாதி விலைக்கும் கிடைக்கும். போட்டுப் பார்க்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். தலைவழியாக அணியும் உடைக்கு மெல்லிய வலைத் துணியில் செய்த முகமூடிப் பை ஒன்று கொடுப்பார்கள். முகப்பூச்சு உடையில் ஒட்டாமலிருக்க அதை முதலில் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

நுகர்வு வரி 10 சதவீதம். வரிவிலக்குக் கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டி வரியில்லாமல் வாங்கலாம். 2026 நவம்பர் 1 முதல் இந்த முறை மாறுகிறது: கடையில் வரியோடு முழுத் தொகையும் கட்டிவிட்டு, நாட்டை விட்டுக் கிளம்பும்போது விமான நிலையத்தில் சுங்கச் சரிபார்ப்பு முடித்துத் திரும்பப் பெற வேண்டும். அதற்குப் பிறகு போகிறவர்கள் அந்த வரித் தொகையையும் கையில் வைத்திருக்க வேண்டும், விமான நிலையத்துக்கும் கொஞ்சம் முன்னதாகவே போக வேண்டும். எப்படியும் பாஸ்போர்ட்டை எப்போதும் உடன் வைத்திருப்பது பயணிகளுக்குச் சட்டப்படி கட்டாயம்.

10. கிளம்பும் முன்

கடைசி இரவு, வரைந்தவை அனைத்தையும் செவன் இலெவன் இயந்திரத்திலேயே ஸ்கேன் செய்து பென் டிரைவிலோ கைபேசியிலோ ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு 30 யென். தாள்களுக்கு நடுவே வழவழப்பான மெழுகுத்தாள் வைத்து, இரண்டு அட்டைகளுக்கு இடையே கட்டிக் கைப்பையில் கொண்டுவாருங்கள். குவாஷ் ஈரக் காற்றில் மீண்டும் இளகும். சென்னையில் இறங்கியதும் கட்டைப் பிரித்து, தாள்களை மின்விசிறிக்கு அடியில் தனித்தனியாகப் பரப்பி வையுங்கள்.